தலை மாறிய மீன் தட்டு

அத்தியாயம் ஆறு

ஆலப்பேடு ஜமீன் பங்களாவில் பேய் சாப்பிடுகிறது என்ற செய்தி கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு பேய் இரண்டு பேயாகிவிட்டிருந்தது. டீக்கடையில் அது தொப்பி போட்ட துரைப் பேய். அரிசி மில்லில் அது தலைவிரித்த பொம்பளைப் பேய். கேட் கீப்பர் ஒருவர்தான் நியாயஸ்தர். "நான் கண்ணால பாக்கல. ஆனா மீன் கொழம்புதான் துன்னுதாம்" என்றார்.

பேய்க்குப் பிடித்த குழம்பு வரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் ரத்னா பங்களா வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கினாள். திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருஷம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கி, அதில் ஒரே ஒரு பேச்சை வாய்வழியே வெளியே விட்டதற்காக வேலையை இழந்தவள். அந்தக் காதுக்காகவே துப்பறியும் அருணாச்சலம் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டார். வாய் இலவச இணைப்பு.

அருணாச்சலம் எளாவூர் செக்போஸ்ட்டில் இருபத்திரண்டு வருஷம் லாரித் தார்ப்பாய்களைத் தூக்கிப் பார்த்து ஓய்வு பெற்றவர். டிரைவர் முகத்தை அவர் பார்த்ததே கிடையாதாம். கயிற்று முடிச்சைத்தான் பார்ப்பாராம். "வாய் எந்த ஊர் பேர வேணா சொல்லும். முடிச்சு போட்ட கை சொந்த ஊரத்தான் சொல்லும்" என்பார். அவருடைய துப்பறியும் சாஸ்திரம் மொத்தமே அவ்வளவுதான்.

"மணி இன்னா ரத்னாம்மா?"

"மூணே முக்கால் சார். அஞ்சுக்கு போலீஸ் ஜீப் வருது. ஒண்ணேகால் மணி நேரத்துல பேய புடிக்கணும். சர்க்கார்ல இதுக்கு ஃபாரம் அடிக்கவே ஆறு மாசம் ஆவும்."

ஜீப் வருவது பேய்க்காக அல்ல, சாராளுக்காக. அந்த பங்களாவின் பீங்கான் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயது விதவை அவள். ஒரு தட்டைத் திருடிவிட்டாள் என்று புகார். அவளுடைய மகள் விக்டோரியாதான் காலையில் ஆபீசுக்கு வந்து, "எங்கம்மா ஜீப்ல ஏறிட்டா அப்பறம் உயிரோட எறங்காது சார்" என்று சொல்லிவிட்டு, அழக்கூட நேரமில்லாமல் ஓடினாள்.

பங்களாவைச் சுற்றி ஆளைக் காணோம். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்கு அளந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்த கற்களை நட்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு புல்டோசர் யார் வீட்டு மாந்தோப்பையோ மென்றுகொண்டிருந்தது. நாளைக்கு லாரி வந்து, பங்களாவில் மிச்சமிருக்கும் ஒரே பெருமையான அந்தப் பீங்கான் செட்டை மெட்ராசில் ஒரு பணக்காரர் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும். செட் முழுசாக இருந்தால்தான் அவர் எடுப்பார்.

"வாங்க மிஸ்டர்" என்றார் பங்களாவின் சொந்தக்காரர் சுப்பராயன். ஐம்பத்தைந்து வயது. நிலம் போனாலும் மீசை போகவில்லை. "வேலைக்காரிக்காக டிடெக்டிவா? எங்க நைனா இருந்தா சிரிச்சிருப்பார்."

"அவர் இல்லாததால நீங்க சிரிச்சிடுங்க சார். எங்களுக்கு டைம் இல்ல" என்றாள் ரத்னா.

அவர் சிரிக்கவில்லை. சாராள் காலையில் பூட்டைத் திறந்து சாவியை அதிலேயே விட்டுப் போயிருந்த சாப்பாட்டு ஹாலின் கதவைக் காலால் தள்ளித் திறந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

உள்ளே, சாத்தியிருந்த ஜன்னல்களின் பலகை இடுக்குகளில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம். நீண்ட தேக்கு மேசை. அதைச் சுற்றி ஒரே மாதிரி செதுக்கிய பதின்மூன்று நாற்காலிகள். பதினான்காவது நாற்காலி வேறு ஜாதி, ஆபீஸ் அறையில் கணக்குப்பிள்ளை உட்காரும் பிரம்பு நாற்காலி. ஏதோ அவசரத்துக்கு இழுத்துப் போட்டு, அப்புறம் எடுக்க யாருக்கும் தைரியம் வராதது போல மேசையின் கோடியில் கிடந்தது.

அதன் எதிரேதான் சாப்பாடு முடிந்திருந்தது.

மூடிய அறையில் மீன் குழம்பு வாசனை. திடீரென்று சுவரோர அலமாரிக்குள் அத்தனை தட்டுகளும் ஒன்றையொன்று தொட்டு, கிணுகிணுவென்று சிரித்தன. ரத்னா அருணாச்சலத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்ஸ் வண்டி" என்றார் அவர். பிறகுதான் ரயிலின் ஊதல் கேட்டது.

"எனக்குத் தெரியாதா? உங்களுக்கு பயமா இருக்குமேன்னு புடிச்சேன்."

சுப்பராயன் வாசற்படியிலிருந்தே கதை சொன்னார். ஆடி பிறந்ததிலிருந்து, இன்றோடு நாலு வெள்ளிக்கிழமை இப்படி. காலையில் சாராள் கதவைத் திறந்தால் அந்த நாற்காலிக்கு எதிரே எச்சில் தட்டு. போன வெள்ளிக்கிழமை மேசையில் கிடந்த தட்டை அவரே பார்த்தார். சற்று நேரம் கழித்துக் கழுவ எடுக்க வந்தபோது தட்டு இல்லை என்றாள் சாராள்.

"அது ஜோடித் தட்டு. ஒண்ணு போச்சு. இன்னிக்கி பாக்கி ஒண்ணையும் எடுத்து வெச்சிருக்கா. பேய்னு காட்டி எங்கள இந்தப் பக்கமே வராம பண்ணிட்டு, ஒவ்வொண்ணா கடத்தறா. சாவி அவகிட்டதான்."

"ராத்திரியிலயுமா?"

"பின்கட்டு ஆணியில மாட்டிட்டுப் போவா. அந்தச் சாவிய எங்க ஊட்ல யாரும் தொட மாட்டோம். தட்டயும் தொட மாட்டோம். வெள்ளைக்காரன் மாட்டுக்கறி துன்ன பீங்கான். தொட்டா குளிக்கணும்."

ரத்னாவுக்கு நாக்கு நமநமத்தது. கப்பலில் வரவழைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்து, நாலு தாலுக்காவுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட பொருள். தொட்டால் தீட்டு. கௌரவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதைத் தொட்டால் தலைமுழுகும் குடும்பத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அருணாச்சலம் மேசையை நெருங்கிக் குனிந்தார். தட்டுக்குக் கீழே ஒரு வெள்ளை மேசைத்துணி. அதன் பாதி தட்டின்மேல் போர்த்தியிருந்தது. விளிம்பைப் பென்சிலால் தூக்கிப் பார்த்தார். நீளமான தட்டு. ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். தட்டின் நீளத்துக்கு ஒரு மீன் தீட்டியிருந்தார்கள். அகலமான முனையில் தலை, குறுகிய முனையில் வால். வால் முனை, உட்காருகிறவரின் இடது கைப்பக்கம். அங்கேயே மேல் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, கை படாமல். நடுவில் நாலைந்து பருக்கை.

"முள்ளு இல்ல" என்றாள் ரத்னா. "பேய் முள்ளோட முழுங்கிடுச்சு. உப்ப மட்டும் தொடல. பிரஷர் இருக்கும் போல."

"துணி எப்படி மடிஞ்சிருக்கு பாரு."

பார்த்தாள். நாற்காலிப் பக்கத்துப் பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாகப் போட்டு மூடியிருந்தது. மடிப்பு நாற்காலியை ஒட்டி, திறந்த விளிம்பு எதிரே.

அருணாச்சலம் எதையும் தொடவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை ரத்னாவிடம் கொடுத்தார். "இது உன் கைய உட்டு போவக்கூடாது." அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தட்டுகளைக் கழுவ பங்களாவின் பின்னால் தனியாக ஒரு கொட்டகை. சமையலறைக்குள் பீங்கான் நுழையக் கூடாதாம். வைக்கோல் திணித்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், திருடிப் பட்டம் கட்டப்பட்டவள் நாளைய லாரிக்காகத் தட்டுகளைத் துடைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. தட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

"தோ பாருங்க சார்" என்று சாராள் ஒரு தட்டை நீட்டினாள். "பட்டையா தங்கக் கரை. இது கலெக்டர் தொரைக்கு. மெல்லிசு கரை அவருக்கு அடுத்தவங்களுக்கு. வெறும் நீலக் கோடுன்னா குமாஸ்தா. அவங்க ஊரு ராசா ஊட்லயே அப்படித்தானாம். தட்டோட கரையப் பாத்து, யாருக்கு எம்மாம் குனியணும்னு தெரிஞ்சுக்குவாங்களாம். எங்க மாமனாரு சொல்வாரு. அவருதான் பெரிய ஜமீனுக்கு, இந்த ஐயாவோட நைனாக்கு, பட்லரு."

"நம்ம ரயிலு மாதிரி" என்றாள் ரத்னா. "மூணாங்கிளாஸுக்கு மந்தார இலையா?"

"பதிமூணு தட்டுதான் வந்துச்சு. அதுதான் வெனை." சாராளின் குரல் இறங்கியது. "நாப்பது வருசம் ஆச்சு. தொரைங்களுக்கு விருந்து. பதிமூணு பேரு உக்காந்துட்டாங்க. தொரைசானி எண்ணிப் பாத்துட்டு எழுந்துடுச்சாம். பதிமூணு பேரு ஒண்ணா துன்னா ஒருத்தர் சாவாங்களாம், அவங்க சாஸ்திரம். விருந்தே கெட்டுப்பூடும்னு பெரிய ஜமீன் மூத்த புள்ள ரங்கசாமிய இட்டாந்து, ஆபீசு நாற்காலியப் போட்டு பதினாலாவதா உக்கார வெச்சாரு. தட்டு இல்ல. எங்க மாமனாரு மீன் பரிமார்ற நீளத் தட்ட வெச்சாரு. அவரும் துன்னாரு. நைனா சொன்னாருன்னுதான் துன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? சொந்தக்காரங்க அல்லாரும் மாட்டுக்கறி தட்டுல துன்னுட்டான்னாங்க. நிச்சயம் பண்ண பொண்ணு ஊட்ல கல்யாணத்த நிறுத்திட்டாங்க. பெரிய ஜமீன் கௌரவத்தக் காப்பாத்திக்கினாரு, புள்ளய வெளிய அனுப்பிட்டாரு. மூணாம் நாளு பழவேற்காட்டு ஏரியில, வலைக்காரங்க வலையில வந்தாரு. இந்த ஊட்ல அவருக்கு ஒரு தெவசம் கெடையாது. ஒரு எலை போட்டதில்ல."

பதின்மூன்று பேரில் ஒருவரும் சாகவில்லை, பதினான்காவது ஆள்தான் செத்தான் என்று ரத்னா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

அருணாச்சலம் ஓர் அட்டையைக் கிழித்து, நீளத் தட்டைப் போல வெட்டி, பென்சிலால் ஒரு மீன் வரைந்தார்.

"கத்திரிக்கா நல்லா வந்திருக்கு சார்" என்றாள் ரத்னா.

"இந்தாம்மா சாராள். இதான் அந்தத் தட்டுன்னு வெச்சுக்க. எனக்கு சாப்பாடு போடு."

வேண்டுமென்றே வால் பக்கம் தன் இடக்கைப் பக்கம் வரும்படி நீட்டினார். சாராள் வாங்கினாள். பெட்டியின்மேல் வைக்கும்போதே அவள் கை அதைத் தானாக அரைச் சுற்றுத் திருப்பியது. தலை இடது, வால் வலது. கண் அழுதுகொண்டிருந்தது. கை முள்கரண்டியைத் தேடி இடப்பக்கமும், கத்தியைத் தேடி வலப்பக்கமும் போய் வந்தது.

"ஏம்மா திருப்பின?"

"மீனு தலை எடக்கைப் பக்கந்தான் சார் வரணும். மாத்தி வெச்சா எங்க மாமனாரு முட்டியில அடிப்பாரு."

அருணாச்சலம் எழுந்துவிட்டார். "வா ரத்னாம்மா. மீன் சாட்சி சொல்லிடுச்சு."

மணி நாலு நாற்பது.

முன்கூடத்தில் சுப்பராயனும் அவர் மனைவி கோவிந்தம்மாளும் இருந்தார்கள். அந்த அம்மாள் தூணோடு தூணாக நின்றாள். முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் நின்று பழகிய நிற்பு அது. சாராள் வாசலுக்கு வெளியே, படியில்.

"சார், சாப்பாட்டு எலைய எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார் அருணாச்சலம்.

"இது இன்னா கேள்வி? நுனி எடக்கைப் பக்கம்."

"மொதல்ல இன்னா வெப்பாங்க?"

"உப்பு. நுனி ஓரத்துல."

"உள்ள இருக்கிற தட்டோட குறுகின முனை எடக்கைப் பக்கம் இருக்கு. அந்த நுனியில உப்பு இருக்கு. தட்டுன்னு நெனைச்சு வெச்ச கை இல்ல சார் அது. எலைன்னு நெனைச்சுப் போட்ட கை. மீன் தலைகீழா நீந்துதேன்னு அந்தக் கைக்குத் தெரியல. சாராள் கைக்கு அது தெரியும். அழுவும்போதுகூட தெரியும்."

சுப்பராயனின் மீசை ஒரு தடவை ஏறி இறங்கியது. "பூட்டியிருந்த ரூம் மிஸ்டர்!"

"பூட்டு இரும்புல இல்ல சார். சாவி ஆணியில தொங்குது. நீங்க யாரும் தொட மாட்டீங்கன்ற நம்பிக்கைதான் பூட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. கல்யாண ஊட்ல சாப்ட்டா எலைய நம்ம பக்கமா மடிப்போம். சாவு ஊட்ல?"

"எதிர்ப்பக்கமா" என்றாள் ரத்னா. சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. "சார்... அது பேய் துன்ன சாப்பாடு இல்ல. படையல்!"

சுப்பராயன் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"காணாமப்போன தட்டு எங்க?" என்றார் சுப்பராயன். கேட்டது தன்னையா பிறரையா என்று தெரியவில்லை.

"ஒருவாட்டி செக்போஸ்ட்ல மூணு நாளா சாராயத்தத் தேடினோம். சாமி சிலை ஏத்தின லாரியில இருந்துச்சு. அதுல இருக்கவே இருக்காதுன்னு யாரும் தேடல. உங்க ஊட்ல பீங்கான் நொழையவே கூடாத எடம் எது சார்?"

"பூஜை ரூம்ல தேடணும்ன்றியா?" சுப்பராயன் கத்தினார். "மாட்டுக்கறி தட்ட, சாமி பக்கத்துல..."

"நானே எடுத்தாரேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

போனாள். விளக்கு எரியும் அறையிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் நீளத் தட்டு. ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தது. தட்டின் நடுவில், மீன்மேல், செல்லரித்த ஒரு போட்டோ. கழுத்துப் பட்டன் வரை போட்ட கோட்டில் ஓர் இளைஞன். கேமராவைப் பார்க்காமல் வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.

நிறுத்தப்பட்ட கல்யாணத்தின் பெண் யார் என்று சாராள் சொல்லாமல் விட்டது ஏன் என்று ரத்னாவுக்கு அப்போது விளங்கியது.

"அவரு கடைசியா சாப்ட்ட தட்டு இது" என்றாள் கோவிந்தம்மாள், கணவரைப் பார்த்து. "உங்க அண்ணனுக்குத்தான் என்னை நிச்சயம் பண்ணாங்க. ரெண்டு வருசம் கழிச்சு உங்களுக்குக் கட்டி வெச்சாங்க. நானும் ஒண்ணும் கேக்கல. நாளைக்கி இந்த ஊடும் இருக்காது, தட்டும் இருக்காது. பசியோட போனவருக்கு ஒரு எலை போட மனசு அடிச்சிக்கிச்சு. வியாழக்கிழமை வெளக்கு வெக்கற நேரத்துல, மடவை மீனு கொழம்பு வெச்சு, கதவ சாத்திட்டு வெளிய உக்காந்துப்பேன். விடிஞ்சதும் சோத்த காக்காக்குப் போட்டுருவேன்."

"தட்ட ஏன் அப்படியே உட்ட?" சுப்பராயனின் குரல் பதினைந்து வயசுக்காரனின் குரலாகியிருந்தது.

"நீங்க பாக்கணும்னுதான். அந்த நாற்காலிக்கு எதிர்ல தட்டப் பாத்தா உங்களுக்கு அண்ணன் ஞாபகம் வரும்னு நெனைச்சேன். உங்களுக்கு திருடிதான் ஞாபகம் வந்தா." படியில் நின்றவள் பக்கம் திரும்பினாள். "உன் பேரு வந்தப்பறமும் நான் வாயத் தொறக்கல சாராள். சொன்னா இவரு இந்தத் தட்ட ஒடைச்சிடுவாருன்னு பயந்துட்டேன். என் தப்புதான்."

வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பச்சையப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஏறி வந்தார். "யாருங்க சாராள்?"

சுப்பராயன் மீசையைத் தடவினார். "ஒண்ணுமில்ல இன்ஸ்பெக்டர். தட்டு ஊட்லயே இருந்துச்சு. நீங்க போலாம்."

"அப்படி இல்ல ஐயா." சாராள் முதல் தடவையாகப் படியேறி வந்தாள். "கெடைச்சுச்சுன்னு சொன்னா பத்தாது. ஊரு பூரா திருடின்னு சொல்லிக்கினு இருக்குது. நான் எடுக்கலன்னு சொல்லுங்க. இவரு எழுதிக்கட்டும்."

ஜமீன் பரம்பரையில் எவரும் ஒரு வேலைக்காரிக்காக அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்து முடிக்கிற வரைக்கும் சுப்பராயன் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாராள் எடுக்கல" என்றார். "நான் சொன்னது பொய். எழுதிக்கோங்க."

சாராள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போன பிறகு கோவிந்தம்மாள் கேட்டாள். "மேசை மேல இருக்கறத நானே எடுத்துக் கழுவறேன். எப்படிக் கழுவணும்னு சொல்லித் தர்றியா சாராள்?"

ஐந்து பேரும் ஹால் வாசலுக்கு வந்தார்கள். ரத்னா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அவிழ்த்தாள். சாவியைத் திருப்பினாள். இந்தத் தடவை சுப்பராயனும் படி தாண்டினார்.

அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. ரத்னா ரயிலின் ஊதலுக்காகக் காத்திருந்தாள். ஊதல் வரவில்லை.

"சார்" என்றாள். நகைச்சுவை எதுவும் நாக்குக்கு வரவில்லை. "துணியப் பாருங்க."

மேசைத்துணி தட்டின்மேல் மூடியேதான் இருந்தது. ஆனால் மடிப்பு எதிர்ப்பக்கம் இருந்தது. திறந்த விளிம்பு நாற்காலியைப் பார்த்து. விருந்தில் வயிறு நிறைந்தவன் மடிப்பதைப் போல, தன் பக்கமாக.

கோவிந்தம்மாள் துணியை மெல்லத் தூக்கினாள். பருக்கைகள் இல்லை. நுனியில் இருந்த உப்பும் இல்லை.

"சாவி உன்னாண்டதானே இருந்துச்சு?" என்றார் அருணாச்சலம்.

"என்னாண்டதான்."

இருபத்திரண்டு வருஷம் முடிச்சை மட்டுமே பார்த்த மனிதர், அன்றைக்கு முதல் தடவையாக அங்கிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோவிந்தம்மாள் மட்டும் அந்தப் பிரம்பு நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அதில் யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு இருப்பது போல.